மீன் செத்த தொட்டியைக் கழுவிக் கவிழ்க்காதீர்கள்

காலையில் ஹாலுக்கு வந்ததும், விளக்குப் போடும் முன்பே நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த நீர் மாதிரி வெளுத்திருக்கும். இரண்டு மீன் மல்லாந்து மிதக்கும். இன்னொன்று ஃபில்டர் ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும். உயிரோடு இருப்பவை தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, தொட்டியைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவி, முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அதைச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தருமபுரியில் எங்கள் வீட்டில் இது நடந்தது ஒரு மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள். நான்கு நாள் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தோம். மீன்கள் பட்டினி கிடக்குமே என்று நான்கு நாள் தீனியையும் மொத்தமாகப் போட்டுவிட்டுப் போயிருந்தேன். பதினான்கில் மூன்றுதான் மிச்சம். அன்று மதியமே தொட்டியை மாடிக்குத் தூக்கிப் போனேன். கூழாங்கற்களை வெந்நீரில் அலசினேன். ஃபில்டர் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வைத்தேன். கண்ணாடியைப் பளபளவென்று துடைத்துக் குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். அடுத்த ஞாயிறு எட்டு மீன் வாங்கி விட்டேன். ஆறாம் நாளுக்குள் அந்த எட்டும் போயின, முதலில் தப்பிய மூன்றும் போயின.

முதல் சாவுக்குக் காரணம் அழுகிய தீனி. இரண்டாவதற்குக் காரணம் என் கழுவல். புதிதாக மீன் வளர்க்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது தடவையில்தான் மனம் உடைந்து, தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்வது

மீன் தின்றதில் ஒரு பங்கு அம்மோனியாவாக வெளியேறுகிறது, அதிலும் பெரும்பகுதி செவுள் வழியாக. மிஞ்சிக் கிடக்கும் தீனியும் அழுகிய இலையும் செத்த மீனும் அதையே உண்டாக்கும். அம்மோனியா செவுளைச் சுட்டுவிடும். ஆனால் நன்றாக ஓடும் தொட்டியில் அது தங்குவதில்லை. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் விஷம்தான். மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும், அதனால் தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மூச்சுத் திணறும். நைட்ரோஸ்பைரா என்ற இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. வாரம் ஒருமுறை தண்ணீரில் ஒரு பங்கை மாற்றினால் போய்விடும்.

இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் நீந்திக்கொண்டு இருப்பதில்லை. ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் கண்ணாடியிலும் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. விரலால் தொட்டால் வழுக்குமே, பழுப்பாக ஒரு படலம், அதில்தான் இவை இருக்கின்றன. நமக்கு அழுக்காகத் தெரிவது தொட்டிக்கு ஈரல் மாதிரி. நான் மாடியில் குழாயைத் திறந்து அலசித் தள்ளியது அதைத்தான். புதுப் படலம் முழுதாக உருவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் எட்டு மீனை விட்டால் அவற்றின் அம்மோனியாவைத் தின்ன அங்கே யாருமே இல்லை.

முதல் நாள்: இருப்பதைக் காப்பாற்றுங்கள்

செத்தவற்றை வலையால் எடுத்துவிடுங்கள். செடி, கல், பொம்மை இவற்றின் அடியிலும் தேடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் எங்கேயோ ஒன்று அழுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எடுத்ததை மரத்தடியில் புதைத்தால் போதும்.

தீனியை நிறுத்துங்கள். வளர்ந்த மீன் மூன்று, நான்கு நாள் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. இது மனதுக்குக் கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியும், கண்ணாடி ஓரம் வந்து நம்மைப் பார்த்துக்கொண்டே நிற்கும். போடாதீர்கள்.

ஏர் பம்ப் இருந்தால் முழு வேகத்தில் ஓடட்டும். இல்லையென்றால் ஃபில்டர் தண்ணீர் மேலே விழுந்து சலசலக்கும்படி திருப்பி வையுங்கள்.

அடுத்தது தண்ணீர். மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய, தொட்டியின் அதே சூட்டில் உள்ள தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மறுநாளும் அப்படியே. ஒரேயடியாக முழுவதையும் மாற்றாதீர்கள். வாடிப்போன மீனுக்குத் திடீர் மாற்றம் இன்னொரு அடி. ஒரு குழாயை அடித்தரையில் கற்களுக்கு நடுவே வைத்து உறிஞ்சி எடுத்தால் அழுகிய தீனியும் சேர்ந்து வந்துவிடும்.

ஃபில்டரைத் தொடவே வேண்டாம். தண்ணீர் வராத அளவுக்கு அடைத்துக்கொண்டிருந்தால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை ஒரு வாளியில் வைத்து, அதில் பஞ்சை இரண்டு தடவை மெல்லப் பிழிந்து திரும்ப வையுங்கள். குழாயடிக்குக் கொண்டு போகக் கூடாது.

மருந்தும் ஊற்றாதீர்கள். மீன் செத்தது என்று கடையில் போய்ச் சொன்னால் நீல மருந்து ஒரு பாட்டில் கையில் வந்துவிடும். அது மெத்திலீன் புளூ. பூஞ்சைக்கு நல்ல மருந்துதான், ஆனால் நாம் காப்பாற்ற நினைக்கும் பாக்டீரியாவையும் கெடுத்துவிடும். நோய்ப்பட்ட மீனைத் தனி வாளிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுப்பதே சரி. மாத்திரையை உடைத்துத் தொட்டியில் போடும் பழக்கத்தையும் பார்த்திருக்கிறேன். ஆன்டிபயாடிக் அப்படிப் போடும் பொருளே அல்ல.

நைட்ரைட் ஏறியிருப்பது சோதனையில் தெரிந்தால் கல்லுப்பு உதவும். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும். லிட்டருக்கு 1 கிராம் போதும். தனிக் கிண்ணத்தில் கரைத்து, சில மணி நேர இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். உயிருள்ள செடிகளும் செதிலில்லாத கெளுத்தி வகைகளும் உப்பை அவ்வளவாகத் தாங்காது, அவை இருந்தால் பாதி போதும்.

எதனால் செத்தது என்று பாருங்கள்

மீன் செத்த விதமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்துக்குள் எல்லாம் தாறுமாறாக ஓடி, மோதி, செத்திருந்தால் குளோரின் பக்கம் பாருங்கள். புதுத் தொட்டியில் ஒரு வாரத்துக்குள் ஒவ்வொன்றாக, செவுள் சிவந்து, மேலே வந்து வாயைப் பிளந்து போயிருந்தால் அம்மோனியா அல்லது நைட்ரைட். ராத்திரி கரண்ட் போய் விடியற்காலையில் பெரிய மீன்கள் முதலில் போயிருந்தால் காற்றுப் பற்றாக்குறை. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பழைய மீன்கள் நன்றாக இருக்க, புதிதாக விட்டவை மட்டும் இரண்டு நாளில் செத்தால் நைட்ரேட் குவிந்து பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, இறங்கியிருக்கும். பழையவை மெல்ல மெல்லப் பழகிவிட்டன, புதியவற்றால் முடியவில்லை.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: முந்தைய நாள் அந்த அறையில் கொசு மருந்தோ கரப்பான் பூச்சி ஸ்பிரேயோ அடித்தீர்களா? அவற்றில் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து மீனுக்குக் கடுமையான விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள்தான் ஊதுகிறது. தெருவில் கொசுப் புகை அடிக்க வரும்போது பம்ப்பை அரை மணி நேரம் நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

பிறகு சோதனைக் கிட். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். நான்கையும் பார்க்கும் சொட்டு மருந்துக் கிட் ஒன்று வாங்குங்கள். மீன் வளர்ப்பில் முதலில் வாங்க வேண்டியது இதுதான், அழகுப் பொம்மை எல்லாம் அப்புறம். கிட்டோடு வரும் சின்னச் சோதனைக் குழாயில் குறித்த அளவு தொட்டி நீர் எடுத்து, சொட்டுகளை எண்ணி விட்டு, குலுக்கி, சொன்ன நிமிடம் வரை காத்திருங்கள். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். டியூப்லைட்டில் நிறம் ஏமாற்றும். பெரும்பாலான அம்மோனியாக் கிட்களில் மஞ்சள் என்றால் நிம்மதி, பச்சை ஏற ஏற ஆபத்து. என் இரண்டாவது தொட்டி அழிந்த வாரத்தில் நான் முதன்முதலாகப் பார்த்த குழாயில் தண்ணீர் வேப்பிலை நிறத்தில் நின்றது.

ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் செய்ய வருகிறவர் வைத்திருக்கும் டி.டி.எஸ். பேனாவை வைத்து, "தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது கரைந்துள்ள உப்புகளை மொத்தமாகக் காட்டும். அம்மோனியா இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

நம் ஊர்த் தண்ணீரைப் பற்றி

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் வேறு ஊர்த் தண்ணீருக்கு எழுதியவை.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தண்ணீர் என்றாலே முதலில் பல் நினைவுக்கு வரும். நிலத்தடிப் பாறையிலிருந்து கரைந்து வரும் புளோரைடால் பல் கறைபட்ட தலைமுறைகளை நாம் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் காவிரித் தண்ணீர் இரு மாவட்டங்களுக்கும் ஓட ஆரம்பித்ததற்குக் காரணமே இதுதான். ஆனால் ஒரே இரவில் மீன் செத்ததற்குப் புளோரைடு மேல் பழி போடாதீர்கள். நம் கிணறுகளில் இருக்கிற அளவு மீனை ராத்திரியோடு ராத்திரியாகக் கொல்லாது.

நம் வீடுகளில் பொதுவாக மூன்று தண்ணீர் இருக்கும்: ஒகேனக்கல் தண்ணி, போர் தண்ணி, ஆர்.ஓ. தண்ணி. மூன்றுக்கும் மூன்று குணம்.

ஒகேனக்கல் தண்ணீரில் குளோரின் உண்டு. குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்க வேண்டும் என்பது விதி. நமக்கு அது காவல், மீனின் செவுளுக்கு அதுவே நெருப்பு. மேல்நிலைத் தொட்டி கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் குழாயைத் திறந்தாலே மூக்கில் ஏறும். அன்று தொட்டிப் பக்கம் அந்தத் தண்ணீரைக் கொண்டு போகவே வேண்டாம். மற்ற நாட்களில் அகலமான டிரம்மில் பிடித்து, ஏர் கல் (ஏர் பம்ப் குழாயின் நுனியில் மாட்டும் குமிழிக் கல்) போட்டு, ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரம் என்றால் மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சொட்டு மருந்தை பாட்டிலில் சொன்ன அளவில் கலக்குங்கள். பெரும்பாலும் அது சோடியம் தயோசல்பேட் கரைசல், சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் கடினநீர், பி.எச். பெரும்பாலும் 7.5-க்கு மேல். இங்கேதான் புதியவர்கள் கவனிக்காத ஆபத்து இருக்கிறது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும், ஒன்று சாது, ஒன்று விஷம். 25 டிகிரி சூட்டில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஆயிரத்தில் ஆறு பங்குதான் விஷ வடிவில் நிற்கும். அதே சூட்டில் பி.எச். 8 என்றால் ஆயிரத்தில் ஐம்பதுக்கு மேல். கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. சூடு ஏறினால் இன்னும் கூடும். அதனால் வேறொரு ஊர்க்காரர் "அம்மோனியா கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை" என்று சொல்வது அவர் தொட்டிக்குச் சரியாக இருக்கலாம். சித்திரை வெயிலில், போர் தண்ணீர்த் தொட்டியில், அந்தக் கொஞ்சமே மீனைக் கொல்லும். லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் தெரிந்ததுமே நான் தண்ணீர் மாற்றிவிடுவேன்.

போர் தண்ணீரை மோட்டாரிலிருந்து நேராகத் தொட்டிக்கு விடாதீர்கள். ஆழத்திலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். ஒரு ராத்திரி ஏர் கல் போட்டு வைத்தால் சரியாகிவிடும். வயல்கள் நடுவே வீடு இருந்தால் போர் தண்ணீரையே நைட்ரேட் கிட்டால் ஒருமுறை பாருங்கள். உரம் இறங்கிய கிணற்று நீரை ஊற்றி ஊற்றி நைட்ரேட்டைக் குறைக்க முடியாது.

அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. சுத்த ஆர்.ஓ. நீரில் தாதுக்கள் ஏறக்குறைய இல்லை. பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதைத் தாங்கிப் பிடிப்பது தண்ணீரில் உள்ள கார்பனேட் உப்புகள். அவை இல்லையென்றால் பி.எச். சறுக்கிக்கொண்டே போகும், 6-க்குக் கீழே போனால் பாக்டீரியாவின் வேலையும் படுத்துவிடும். நாம் திட்டித் தீர்க்கும் உப்புத் தண்ணீர்தான் இங்கே நமக்குத் துணை. என் தொட்டியில் இரண்டு பங்கு ஒகேனக்கல் தண்ணீர், ஒரு பங்கு போர் தண்ணீர். ஒகேனக்கல் தண்ணீர் வராத வீடுகளில் போர் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் பாதிப் பாதி கலக்கலாம். எதைக் கலந்தாலும் எப்போதும் அதே விகிதத்தில் கலக்குங்கள். மீனுக்கு உயர்ந்த தண்ணீரைவிட மாறாத தண்ணீர் முக்கியம்.

வெயில் காலத்தில் தொட்டி மட்டம் குறையும். ஆவியாகிப் போவது வெறும் நீர், உப்பு உள்ளேயே நிற்கும். குறைந்த அளவைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே இருந்தால் மாதத்துக்கு மாதம் உப்பு ஏறும். கண்ணாடியில் வெள்ளைக் கோடு விழுவது அதனால்தான். ஆவியான அளவுக்கு மட்டும் ஆர்.ஓ. நீர் ஊற்றுங்கள். அந்தக் கோட்டை எலுமிச்சைத் தோலால் தேய்த்து ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். சோப்பு மட்டும் வேண்டாம், ஒருபோதும்.

மறுபடி உயிர் கொடுப்பது

மூன்றாம் நாளுக்குமேல், வெண்மை தெளிய ஆரம்பித்த பின், மெல்லச் சுத்தம் செய்யலாம். கற்களில் ஒரு பாதியை மட்டும் இந்த வாரம் குழாயால் உறிஞ்சுங்கள், மறு பாதியை அடுத்த வாரம். முன்பக்கக் கண்ணாடியைத் துடையுங்கள், மற்ற மூன்று பக்கமும் அப்படியே இருக்கட்டும். வெண்மை ஒரு வாரம் நின்றாலும் பதறாதீர்கள். மிதந்து பெருகும் வேறு பாக்டீரியா அது, தீனி குறைந்தால் தானாக அடங்கும்.

நான் செய்ததுபோல் எல்லாவற்றையும் கழுவித் தீர்த்துவிட்டீர்களா, அல்லது எல்லா மீனும் போய்விட்டதா? பரவாயில்லை, வெறும் தொட்டியை ஓட்டுங்கள். ஃபில்டர், ஏர் பம்ப் இரவு பகலாக ஓடட்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும், அதைத் தின்னப் பாக்டீரியா வரும். முதல் வாரத்தில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறும். நைட்ரைட் இறங்கும் கட்டம்தான் நீளமானது, பொறுமையைச் சோதிக்கும். அது இறங்கும்போது நைட்ரேட் தெரிய ஆரம்பிக்கும். தீனி போட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யமாக நின்றால் தொட்டி தயார். நம் வெயிலில் இந்த வேலை கொஞ்சம் வேகமாகவே நடக்கும். ஓசூர், தளி பக்கம் மார்கழிக் குளிரில் நடந்தால் தாமதமாகும், அங்கே 25 டிகிரிக்கு ஒரு ஹீட்டர் வைப்பது நல்லது.

இந்தக் காலத்தைப் பாதிக்குமேல் குறைக்க ஒரே ஒரு நல்ல வழி, ஆரோக்கியமான தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய பஞ்சில் ஒரு துண்டு கேட்பது. அழுக்குப் பஞ்சைக் கேட்டால் முதலில் விநோதமாகப் பார்ப்பார், விஷயம் சொன்னால் கொடுத்துவிடுவார். அவர் தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கும்படி டப்பாவில் போட்டு, காயாமல், அன்றே கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். எனக்கு மூன்றாவது முயற்சியில் காவேரிப்பட்டணத்து நண்பர் ஒருவர் உள்ளங்கை அளவு கறுத்த பஞ்சு கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பதினோராம் நாள் நைட்ரைட் பூஜ்யம். அந்தத் தொட்டி இன்றும் ஓடுகிறது.

தப்பிய மீன்கள் உள்ளேயே இருந்தால் தனியாகத் தீனி அழுக வைக்க வேண்டாம், அவற்றின் கழிவே போதும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கொஞ்சமாகத் தீனி, தினமும் சோதனை, அம்மோனியாவோ நைட்ரைட்டோ தலைகாட்டினால் கால் பங்கு தண்ணீர் மாற்றம். நான்கைந்து வாரம் இப்படி ஓட்ட வேண்டியிருக்கும்.

மீனை மறுபடி விடும்போது

தொட்டியின் கொள்ளளவை முதலில் கணக்குப் போடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.-இல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். வழக்கமான இரண்டடித் தொட்டி, அதாவது 60 × 30 × 30, 54 லிட்டர். கல்லும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர்தான் உண்மையான தண்ணீர். அதில் கப்பி, பிளாட்டி மாதிரிச் சின்ன மீன்கள் பத்து வளரலாம். நான்கு கோல்டுஃபிஷ் வளராது. ஒவ்வொன்றும் பெரிதாக வளர்ந்து நிறையக் கழிக்கும் மீன் அது.

நம் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுத்தால் பாதிப் போராட்டம் குறையும். மோலி, கப்பி, பிளாட்டி, ஸ்வார்டுடெயில் இவை கடினநீரை விரும்புகிறவை. நியான் டெட்ரா மென்னீர் மீன், புதியவர்கள் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஷார்க் என்று விரல் நீளத்தில் விற்கிறார்களே, அது பங்காசியஸ். மீன் மார்க்கெட்டில் கிலோ கணக்கில் வெட்டி விற்கும் அதே மீன், மூன்றடிக்கு மேல் வளரும். "தொட்டியைச் சுத்தம் செய்யும்" என்று தரும் சக்கர் மீனும் ஓரடியைத் தாண்டும். பாசியைத் தின்னும், ஆனால் அது போடும் கழிவு அதைவிட அதிகம். பெரிதாகிவிட்டது என்று ஏரியிலோ கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். நாட்டின் பல நீர்நிலைகளில் சக்கர் மீன் பெருகி உள்ளூர் மீன்களை நெருக்கிக்கொண்டிருக்கிறது. வாங்காமல் இருப்பதே நல்லது.

முதலில் மூன்று மீன் மட்டும். கடையில் வாங்கும்போது அந்தத் தொட்டியில் செத்த மீன் ஏதாவது கிடக்கிறதா, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறதா, உடம்பில் ரவை தூவினமாதிரி வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அலங்கார மீன் வியாபாரம் நடக்கும் சென்னை கொளத்தூரிலிருந்து மீன் வந்து இறங்கிய அன்றே வாங்காமல், இரண்டு மூன்று நாள் கழித்து வாங்குங்கள். பயணத்தில் நொந்தவை அதற்குள் தெரிந்துவிடும். இடம் இருந்தால் புது மீனை இரண்டு வாரம் தனி வாளியில், ஒரு சின்னப் பஞ்சு ஃபில்டரோடு வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டிக்கு மாற்றுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிடுங்கள். பிறகு பையின் வாயைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டி நீரை உள்ளே விடுங்கள். அரை மணி நேரம் இப்படி. கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள். அன்று விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம்.

இரண்டு வாரம் சோதனையில் மாற்றம் இல்லையென்றால் இன்னும் மூன்று. மூன்று மீனுக்கு வளர்ந்த பாக்டீரியா ஆறு மீனுக்குப் பெருகக் கொஞ்ச நாள் எடுக்கும்.

இனி வாராவாரம்

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர். எடுத்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் ரோஜாவுக்கும் ஊற்றுங்கள், நைட்ரேட் அவற்றுக்கு உரம். உப்புப் போட்ட காலத்துத் தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றக் கூடாது. பஞ்சு மாதம் ஒருமுறை, எடுத்த தொட்டி நீரிலேயே பிழியல். தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். ஊருக்குப் போகும்போது நான்கு நாள் வரை ஒன்றும் போடாமல் போங்கள். அதற்குமேல் என்றால், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் டப்பாவைக் கொடுக்காமல், ஒரு நாளுக்கு ஒரு பொட்டலம் என்று தாளில் மடித்துத் தேதி எழுதிக் கொடுங்கள்.

கடைசியாகக் கரண்ட். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.6-தான். கோடையில் ராத்திரி மின்வெட்டு வந்தால் அந்தக் குறைந்த காற்றையும் மீன், பாக்டீரியா, செடி எல்லாம் பங்கு போடும். இன்வெர்ட்டர் இருந்தால் ஏர் பம்ப்பை அந்த லைனில் மாட்டுங்கள், சில வாட்தான் இழுக்கும். இல்லாதவர்களுக்குக் கரண்ட் போனதும் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் கிடைக்கிறது. அதுவும் இல்லாத ராத்திரியில் ஒரு சொம்பு எடுத்து, தொட்டி நீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருபது தடவை. தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோயிருந்தால், கரண்ட் வந்ததும் அப்படியே ஓட்டாதீர்கள். உள்ளே தேங்கிய நீர் காற்றில்லாமல் கெட்டு நாறும். அந்த நீரை வாளியில் கொட்டிவிட்டு, பஞ்சைத் தொட்டி நீரில் ஒருமுறை அலசிவிட்டு மாட்டுங்கள். மறுநாள் காலை அம்மோனியா பாருங்கள்.